மனசில் இருக்கும் நன்றியை எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். கடிதம் எழுதுதல் பாடம் நடத்தும்போது, விடுப்பு விண்ணப்பம், நூலகம் கேட்டு விண்ணப்பம் எல்லாம் முடிந்தபின், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை கொடுப்பேன். "உங்களுக்கு உண்மையிலேயே நல்லது செய்த ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். மதிப்பெண் கிடையாது. நான் படித்துப் பார்க்கவும் மாட்டேன்."

கணக்குப் பரீட்சைக்குக்கூட அவ்வளவு கேள்வி வந்ததில்லை. முதலில் பிள்ளைகள் கேட்டார்கள். அப்புறம் அவர்களுடைய பெற்றோர் கேட்டார்கள், உடன் வேலை பார்த்த ஆசிரியர்கள் கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கல்யாண வீட்டில், பஸ்ஸில், கடைத்தெருவில் அதே சந்தேகங்கள் வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே எழுதி, நான் சொல்லிவந்த பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

"வீட்டு ஆளுங்களுக்குப் போய் யாராவது நன்றி சொல்வாங்களா டீச்சர்? அந்நியமா இருக்காதா?"

இருக்கும். சோறு போட்ட அம்மாவிடம் "நன்றி அம்மா" என்று சொல்லிப் பாருங்கள், உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். நம் பேச்சில் அந்த வார்த்தைக்கு மேடை வாசனை உண்டு. விழா முடிவில் நன்றியுரை, கடிதத்தின் அடியில் "நன்றியுடன்", வெளியாட்களிடம் ஒரு "தேங்க்ஸ்". வீட்டுக்குள் அது நுழைந்தால் யாரோ தள்ளிப் போய்விட்டது போலத் தெரிகிறது. இதனால் நாம் நன்றி கெட்டவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எட்டு மொழிகளைப் பேசும் மக்களின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார்கள். அதை எடுத்துக் கொடு, இதைப் பிடி என்று கேட்டு, மற்றவர் செய்து கொடுத்த பெரும்பாலான நேரங்களில் யாருமே நன்றி சொல்லவில்லை. ஈக்வடாரில் பேசப்படும் சாப்பாலா மொழியின் பதிவுகளில் ஒருமுறைகூட இல்லை. கேட்டால் செய்வார்கள், அதுதான் இயல்பு என்று இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்கிறது.

ஆகவே தினமும் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதற்கெல்லாம் வீட்டில் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் படிப்புக்காக ஒருவர் தன் நகையைக் கொண்டுபோய் அடகு வைத்தாரே, அது தண்ணீர் எடுத்துக் கொடுத்த மாதிரி இல்லை. அதற்கும் பேசாமல் இருந்தோமானால், நமக்குத் தெரிந்திருக்கிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். இந்தப் பக்கம் முழுக்க நான் பேசுவது அந்த மாதிரி விஷயங்களைப் பற்றித்தான்.

"சரி, அந்த வார்த்தை இல்லாம எப்படிச் சொல்றது?"

நடந்ததைச் சொல்லுங்கள். அவர் என்ன செய்தார், எந்த நேரத்தில் செய்தார், அதனால் உங்களுக்கு என்ன ஆனது. இந்த மூன்றும் வந்துவிட்டால் நன்றி என்ற சொல் தேவையே இல்லை.

இதற்குத் தமிழிலேயே ஆதாரம் இருக்கிறது. திருக்குறளில் "நன்றி" என்ற சொல் பெரும்பாலும் நாம் திருப்பிச் சொல்லும் வார்த்தையைக் குறிப்பதில்லை. ஒருவர் செய்த நன்மையே நன்றி. "காலத்தினால் செய்த நன்றி" என்றால் வேண்டிய நேரத்தில் செய்த உதவி. 11-ஆம் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். அதாவது, செய்யப்பட்ட நன்மையை அறிந்திருப்பது. அந்தப் பெயரை வகுப்பில் எழுதிப்போடும்போதெல்லாம் நான் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான். அறிந்திருக்கிறீர்கள், சரி. நீங்கள் அறிந்திருப்பது அவருக்குத் தெரியுமா?

"நீங்க இல்லேன்னா நான் இல்லை" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் யாருக்கும் யாரும் சொல்லலாம். "கவுன்சிலிங்குக்கு நான் சென்னைக்குப் போகப் பயந்தப்ப, நீங்க லீவு போட்டுட்டு கூட வந்தீங்க மாமா. கோயம்பேட்டுல ராத்திரி பூரா நீங்க முழிச்சிருந்து என்னைத் தூங்க வச்சீங்க" என்பதை அந்த மாமாவிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

"யோசிச்சுப் பார்த்தா எனக்கு அப்படி யாரும் பெருசா செஞ்ச மாதிரி ஞாபகமே வரலயே?"

"யார் உதவினார்கள்" என்று பொதுவாக யோசித்தால் வராது. இக்கட்டுகளை யோசியுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்த ராத்திரிகள், பீஸ் கட்டக் கடைசி நாள், கல்யாணம் நின்றுபோன வாரம், ஊர் மாறிப்போன முதல் மாதம். அங்கே பக்கத்தில் நின்ற ஆள் யார் என்று பாருங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர், ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கூட வருவார்.

"ரொம்ப தேங்க்ஸ்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டா போதாதா?"

சின்ன விஷயத்துக்குப் போதும். வண்டியில் கொண்டுபோய் விட்டவருக்கு அன்றைக்கே ஒரு வரி அனுப்பினால் நல்லதுதான். பெரிய விஷயத்துக்குப் போதாது. கைகூப்பும் பொம்மையைத் தட்டிவிட ஒரு நொடி ஆகிறது, அவருக்கும் அது தெரியும். அதைவிடக் குரல் பதிவு நல்லது. குரலில் தயக்கம் கேட்கும், தொண்டை அடைப்பது கேட்கும். அதெல்லாம் சேர்ந்துதான் அவரிடம் போய்ச் சேருகிறது.

"ஸ்டேட்டஸ்ல போட்டோவோட போடலாமா? நாலு பேருக்குத் தெரிஞ்சா அவங்களுக்குப் பெருமைதானே?"

முதலில் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள், அப்புறம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பணம் கொடுத்து உதவியது வெளியே தெரிந்தால் அவருக்கு வீட்டில் சிக்கல் வரலாம். தெரிந்துவிட்டால் இன்னும் பத்துப் பேர் வந்து கேட்பார்கள் என்ற சங்கடமும் இருக்கும்.

"நேர்ல சொல்றதா, கடிதமா? எது நல்லது?"

இரண்டும் சேர்ந்ததுதான் நல்லது. எழுதி எடுத்துப்போய், அவர் முன்னால் உட்கார்ந்து நீங்களே படித்துக் காட்டுவது. நேரில் பேசும்போது பாதி மறந்துபோகும், வெட்கத்தில் பேச்சு மழையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் போய்விடும். கையில் காகிதம் இருந்தால் அது உங்களை இழுத்துப் பிடிக்கும். படித்து முடித்ததும் காகிதத்தை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். நான் கேள்விப்பட்டவரை அந்தக் காகிதங்கள் பீரோவில், பட்டுப்புடவை மடிப்பில், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பைக்குள் பத்திரமாக இருக்கின்றன.

அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதையே சோதித்துப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். தனக்கு நல்லது செய்தும், தான் சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி, ஒரு வாரத்துக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தவர்களின் மகிழ்ச்சி கூடியது, மனச்சோர்வு குறைந்தது. அந்த மாற்றம் ஒரு மாதம் வரை இருந்தது, அதன் பிறகு மங்கிவிட்டது. மங்கியதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு கடிதம் எழுதினால் வாழ்நாள் முழுக்க மனசு நிறைந்திருக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

"பேனாவை எடுத்தா ரெண்டு வரிக்கு மேல வரமாட்டேங்குது. என்ன எழுதுறது?"

நான் கடிதங்களைப் படிப்பதில்லை என்று சொன்னேன். ஆனால் ஒரு பெண் கடிதத்தைக் கொடுத்த மறுநாள் அவளாகவே கொண்டுவந்து காட்டினாள். மற்ற பிள்ளைகளுக்கு உதவும் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள் டீச்சர் என்றாள். அவளுடைய அம்மா கேரள எல்லையைத் தாண்டி மலையிலுள்ள ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர். எங்கள் பக்கத்தில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது.

"அம்மா, போன மழைக்கு நீ தோட்டத்துல இருந்து வந்தப்ப உன் கணுக்கால்ல அட்டை கடிச்சு ரத்தம் நிக்காம இருந்துச்சு. சேலையெல்லாம் கறை. அன்னைக்கு நான் டியூஷன் பீஸ் கேட்கணும்னு வாசல்லயே நின்னேன். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீ முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த காசைக் குடுத்த. நான் வாங்கிட்டு ஓடிட்டேன். உன் காலை நான் பார்த்தேம்மா. பார்க்காத மாதிரி போயிட்டேன். இந்த ஒரு வருஷமா அது என் மனசுல இருக்கு. பிசிக்ஸ்ல நான் இப்ப தொண்ணூறுக்கு மேல எடுக்கறேன்."

அவ்வளவுதான். நன்றி என்ற சொல்லே இல்லை. "தியாகத்தின் திருவுருவம்" என்றெல்லாம் இல்லை. ஒரு நாள், ஒரு கால், ஒரு முந்தானை முடிச்சு. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து எழுத உட்கார்ந்தால் யாருக்கும் வராது. ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள், உங்கள் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் நான் சந்திப்பிழை பார்க்கப் போவதில்லை.

"நினைச்சாலே கூச்சமா இருக்கு. என்னடா இவன் நாடகம் போடுறான்னு நினைச்சுட்டா?"

இந்தப் பயம்தான் நிறையப் பேரை நிறுத்தி வைக்கிறது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் இதை நேராகவே அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்களிடம், பெறுபவர் எவ்வளவு மகிழ்வார், எவ்வளவு சங்கடப்படுவார் என்று முன்கூட்டியே கேட்டார்கள். பிறகு பெற்றவர்களிடமே கேட்டார்கள். எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அவர்கள் கூடுதலாக மகிழ்ந்திருந்தார்கள், சங்கடம் குறைவாகவே இருந்தது. எழுதியவர் "என் வார்த்தை சரியாக வந்ததா" என்று கவலைப்படுகிறார். பெற்றவர் வார்த்தையை அளக்கவில்லை, அன்பை எடுத்துக்கொள்கிறார்.

கூச்சம் போன பிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். அது போகாது. "எனக்குச் சொல்லக் கூச்சமா இருக்கு, ஆனா சொல்லணும்னு தோணுது" என்றே ஆரம்பிக்கலாம். அழுகை வந்தால் வரட்டும்.

"அம்மாகிட்டகூடச் சொல்லிடலாம். அப்பாகிட்ட எப்படி? அவர் எந்திரிச்சுப் போயிடுவார்."

பையன்கள் கேட்கும் கேள்வி. பெண் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். இதற்கு என் சொந்தக் கதையைத்தான் சொல்வேன். நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது பணம் கட்ட, வீட்டில் இருந்த ஒரே கறவை மாட்டை என் அப்பா விற்றார். சிவலை மாடு. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வேலைக்குப் போய், கல்யாணமாகி, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு ஒரு நாள் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "அந்தச் சிவலையை எங்கப்பா கொண்டுபோய் வித்தீங்க?"

ஒரு மணிநேரம் பேசினார். எந்தச் சந்தை, எத்தனை மணிக்கு ஓட்டிக்கொண்டு போனார், வழியில் அது எங்கே நின்று திரும்பிப் பார்த்தது, வாங்கினவர் விலையை எப்படிக் குறைத்தார், எல்லாம். இருபது வருஷமாக உள்ளே இருந்தது. அவர் முடித்ததும் "அந்த மாடுதான்ப்பா இன்னைக்கும் எனக்குச் சம்பளம் வாங்கிக் குடுத்துட்டிருக்கு" என்றேன். பதில் இல்லை. எழுந்து போய் வெற்றிலை எடுத்து வந்தார். மறுநாள் காலையில் பால்காரரிடம் அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தது அடுப்படி வரைக்கும் கேட்டது.

இப்படிப்பட்ட அப்பாக்களுக்கு நேருக்கு நேர் உட்கார்ந்து வாசிப்பது கடினம்தான். பக்கத்தில் உட்காருங்கள். வண்டியில் பின்னால் இருந்துகொண்டு பேசுங்கள், வயலில் கூட நடந்துகொண்டே கேளுங்கள். பாராட்டைவிடக் கேள்வி அவர்களுக்கு எளிது.

"இருபது வருஷம் ஆச்சு. இப்பப் போய்ச் சொன்னா ஏதோ காரியத்துக்கு வந்திருக்கான்னு நினைக்க மாட்டாங்களா?"

நினைக்கலாம். அதனால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "ஒரு உதவியும் கேட்க வரல சார், ஒரு விஷயத்தைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." உண்மையிலேயே ஏதாவது கேட்க வேண்டியிருந்தால், அதே நாளில் கேட்காதீர்கள். அது சொன்னதையெல்லாம் தின்றுவிடும்.

தாமதத்துக்கு ஒரு வரியில் வருத்தம் சொன்னால் போதும். கடிதத்தில் பாதியை மன்னிப்புக்கே செலவழித்தால், அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும். நாட்கள் கடந்ததில் ஒரு நன்மையும் உண்டு. அன்றைக்குச் சொல்லியிருந்தால் "உதவினீங்க" என்று மட்டும்தான் சொல்லியிருக்க முடியும். இன்றைக்கு அது எங்கே கொண்டுவந்து விட்டது என்பதையும் சொல்லலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு இதைவிடப் பெரிய பென்ஷன் இல்லை என்று சத்தியமாகச் சொல்வேன்.

"நல்ல புடவையா, ஒரு ஸ்வீட் பாக்ஸா வாங்கிக் கொடுத்துட்டா கணக்கு தீர்ந்துடாதா?"

கொடுங்கள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுப்பதும், பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பாமல் இரண்டு பழம் போட்டுக் கொடுப்பதும் நம்முடைய நன்றி மொழிதான். வாயால் சொல்லாததைக் கையால் சொல்கிறோம். ஆனால் "கணக்கு தீர்ந்துடும்" என்றீர்கள் அல்லவா, அந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கணக்குத் தீர்ப்பதற்கு நம்மிடம் வேறு ஏற்பாடு இருக்கிறது. மொய் நோட்டு. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி மாதத்தில் மொய் விருந்தே நடக்கும். யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதி வைத்து, அவர் வீட்டு முறை வரும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வார்கள். அது நேர்மையான ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. எழுதி வைத்ததைத் திருப்பினால் அது அடைந்துவிடும். ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மாவுக்குப் படுக்கைத் தட்டு எடுத்து வைத்த சித்தியை எந்த நோட்டில் எழுதுவீர்கள்? அவருக்குப் புடவை எடுத்துக் கொடுக்கும்போது, அந்த ராத்திரியைப் பற்றி இரண்டு வரியும் சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் அதைத் தீபாவளிப் புடவை என்றே வைத்துக்கொள்வார்.

"வீட்டு வேலைக்கு வர்றவங்க, தெருக் கூட்டுறவங்க, இவங்களுக்கெல்லாம் நன்றி சொல்லணும்னு ஆசை. எப்படி?"

முதலில் சம்பளம். சொன்ன தேதியில், கேட்க வைக்காமல். உடம்பு சரியில்லாத நாளுக்குப் பிடித்தம் செய்யாமல். இது சரியாக இல்லாத வீட்டில் "நீங்க எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்ற பேச்சு அவரைக் காயப்படுத்தும்.

அப்புறம் மரியாதை. உங்களைவிட இருபது வயது மூத்தவரை வா, போ என்று கூப்பிட்டுக்கொண்டு பொங்கலுக்கு வேட்டி கொடுத்தால் அது நன்றியாகாது. பெயர் கேளுங்கள், அக்கா, அண்ணே என்று சேர்த்துக் கூப்பிடுங்கள், நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே காபி கொடுங்கள். இதெல்லாம் இருந்தால், முன்பு சொன்ன மூன்றும் இங்கேயும் பொருந்தும். "தெரு சுத்தமா இருக்கு" என்பதைவிட "போன வாரம் மழைக்கு அடைச்சுக்கிட்ட சாக்கடையை நீங்க வந்து எடுக்கலேன்னா தண்ணி எங்க வீட்டுக்குள்ள வந்திருக்கும் அண்ணே" என்று சொல்லுங்கள்.

"பிள்ளைங்களுக்கு இதை எப்படிப் பழக்குறது? 'ஆன்ட்டிக்கு தேங்க்ஸ் சொல்லு'ன்னா ஓடி ஒளிஞ்சுக்குறான்."

சொல்ல வைக்காதீர்கள். வெளியே வந்ததும் "அந்த ஆன்ட்டி உனக்கு எதுக்காகக் கடைசி லட்டைக் குடுத்தாங்க தெரியுமா?" என்று கேளுங்கள். அவன் யோசித்தாலே போதும். மற்றபடி, நீங்கள் உங்கள் மாமியாரிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்வதை அவன் காதால் கேட்டால் தானே வந்துவிடும்.

"என் சித்தப்பாதான் படிக்க வச்சார். இப்ப எதுக்கெடுத்தாலும் அதையே சொல்லிக் காட்டுறார். என் கல்யாணத்தையும் அவர்தான் முடிவு பண்ணுவாராம். நான் நன்றி கெட்டவளா?"

இல்லை. படிக்க வைத்ததற்கு நன்றி, படிக்க வைத்ததற்குத்தான். அது உங்கள் வாழ்க்கைக்கே எழுதிக் கொடுத்த பத்திரம் ஆகாது. செஞ்சோற்றுக் கடன் என்றால் நமக்கெல்லாம் கர்ணன் நினைவுக்கு வருவான். ஆதரித்த துரியோதனனை விட்டுவர மாட்டேன் என்று நின்று உயிரைக் கொடுத்தான். அவனைப் பாடம் நடத்தும்போது எனக்கும் கண் கலங்கும். ஆனாலும் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன்: சபையில் பாஞ்சாலிக்கு அநியாயம் நடந்தபோது அவன் துரியோதனன் பக்கம் நின்றானே, அதையும் நன்றிக் கடனில் சேர்ப்பீர்களா? பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். என் முடிவு, சேர்க்கக் கூடாது என்பதுதான். ஒருவர் செய்த நன்மையை மறக்காமல் இருப்பது வேறு, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது வேறு.

உங்கள் சித்தப்பாவிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஒரு நாள் முழு மனசோடு நன்றியை மட்டும் சொல்லுங்கள், அவர் என்னென்ன விட்டுக்கொடுத்தார் என்பதைப் பெயர் சொல்லி. சொல்லிக் காட்டுகிறவர்களில் சிலர், யாரும் கண்டுகொள்ளவில்லையே என்ற ஏக்கத்தில்தான் சொல்லிக் காட்டுகிறார்கள். வேறொரு நாள் கல்யாணத்தைப் பற்றி உங்கள் முடிவைச் சொல்லுங்கள். அன்றைக்கு அவர் படிப்பை இழுத்தால், "அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் சித்தப்பா, இது வேற விஷயம்" என்று சொல்லலாம். அது உண்மை, மரியாதையும் குறையவில்லை.

"நல்லதும் செஞ்சார், மறக்க முடியாத காயமும் பண்ணினார். அவருக்கும் நன்றி சொல்லியே ஆகணுமா?"

கொலை செய்தது போன்ற தீங்கைச் செய்தாலும், அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அந்தத் தீங்கின் கொடுமை மறையும் என்று குறள் சொல்கிறது. பாடமாக நடத்தியிருக்கிறேன், பல பகைகள் அப்படித் தீர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணனுக்கு, சின்ன வயதில் அவன் தோளில் தூக்கிப்போய்த் திருவிழா காட்டியதை மட்டும் எழுதி அனுப்பியவர் ஒருவர். வரப்புத் தகராறைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அண்ணன் வந்தார்.

ஆனால் அடித்தவர், அத்துமீறியவர், இன்னமும் பயமுறுத்துகிறவர், இவர்களிடம் நன்றி சொல்லப் போக வேண்டாம். குறள் உள்ளுக்குள் நினைப்பதைத்தான் பேசுகிறது. வாசலில் போய் நிற்கச் சொல்லவில்லை. அவர் செய்த ஒரு நல்லது உங்களுக்கு நினைவுக்கு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை.

"சொல்ல வேண்டிய ஆளே இப்ப உயிரோட இல்லையே டீச்சர்."

இதைக் கேட்கும்போது நிறையப் பேர் குரல் உடையும். எனக்குத் தெரிந்த வழி, அவர் வீட்டு ஆட்களிடம் போய்ச் சொல்வது. "உங்க அப்பா எனக்கு இப்படிச் செஞ்சார்" என்று சொன்னால், அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் அறியாத ஓர் அப்பா கிடைக்கிறார். காரியம், திதி நாட்களில் போய் இதைச் சொல்லலாம்.

எங்கள் பள்ளத்தாக்கே இதற்குச் சாட்சி. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, மேற்கே அரபிக்கடலுக்குப் போன தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியவர் ஜான் பென்னிகுயிக். அணை 1895-இல் முடிந்தது. அவர் 1911-இல் இறந்தார். இன்றைக்கும் அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று, பொங்கலோடு சேர்த்து, லோயர் கேம்ப்பில் அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். அங்கே 2013-இல் மணிமண்டபம் திறந்தார்கள். டீக்கடைகளில் அவர் படம் இருக்கும், பிள்ளைகளுக்கு அவர் பெயர் இருக்கும். அவரைப் பார்த்த ஒருவரும் இன்று இல்லை. ஆனாலும் மடை திறக்கும்போது பெரியவர்கள் அவர் பெயரைச் சொல்வதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன்.

"யார்னே தெரியாதவங்களுக்கு? எங்க அண்ணனுக்கு வேற ஒருத்தரோட சிறுநீரகம் வச்சிருக்காங்க. அந்தக் குடும்பம் யார்னு சொல்ல மாட்டாங்க."

இறந்தவரின் உறுப்பு யாரிடமிருந்து வந்தது என்பதை வெளியிடுவதில்லை, இரண்டு குடும்பங்களின் நன்மைக்காகத்தான். தேடிப் போகாதீர்கள். உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நம் எல்லோர் சார்பிலும் சொல்லப்படும் நன்றி அது. பக்கத்து ஊரில் அப்படி ஒரு சடங்கு நடந்தால் அண்ணனை அழைத்துக்கொண்டு போய் ஒரு மாலை போட்டுவிட்டு வாருங்கள். அந்தக் குடும்பம் வேறாக இருக்கலாம், அவர்கள் கொடுத்தது அதேதான்.

"என்கிட்ட யாராவது வந்து நன்றி சொன்னா, 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடுங்க'ன்னு சொல்லிடறேன். அது அடக்கம்தானே?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். நர்ஸாக இருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு முதல்முறை தீட்டு வந்து யூனிஃபார்ம் கறையானபோது, என் தோளில் இருந்த துண்டை அவள் இடுப்பில் சுற்றிவிட்டு, வீடு வரை கூட நடந்து வந்து விட்டேனாம். எனக்குச் சுத்தமாக நினைவில்லை. வழக்கம்போல "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன். அவள் முகம் சட்டென்று வாடியது. இத்தனை வருஷம் சுமந்து கொண்டுவந்து என் கையில் வைத்ததை நான் வாங்காமல் கீழே போட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் கிளம்ப எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "எனக்கு ஞாபகம் இல்லம்மா, நீயே சொல்லு. எந்த வருஷம்? அன்னைக்கு என்ன வகுப்பு நடந்துட்டிருந்துச்சு? போற வழியில நான் என்ன பேசினேன்?" என்று கேட்டேன். அடுப்பில் டீ வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.